கடைசியாகத் தெரியும் பெயர்

செத்துப்போன கம்ப்யூட்டரால் தொல்லை இல்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு எரியாது, விசிறி சுற்றாது. மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். பாதி எழுந்து பாதியில் நின்றுவிடும் கம்ப்யூட்டர்தான் ஆளைப் படுத்தும். விசிறி சுற்றும். 'பீப்' என்று ஒருமுறை குரல் கொடுக்கும். கறுப்புத் திரையில் நினைவகத்தை எண்ணிக் காட்டும். விண்டோஸ் எக்ஸ்பியின் படம் வரும். அதன் கீழே மூன்று நீலக் கட்டங்கள் இடமிருந்து வலமாக ஓட ஆரம்பிக்கும். நான்கைந்து சுற்று ஓடியதும் நட்டநடு வழியில் அப்படியே நின்றுவிடும். காத்திருந்தால் வந்துவிடும் என்று தோன்றும். காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே இடம்தான். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் சில நாள் அதிசயமாக எழுந்துவிடும். அந்தச் சில நாள்தான் பெட்டியைத் தூக்கிப் போடவும் விடாது, நம்பி வேலை செய்யவும் விடாது.

என்னிடம் இருப்பது 2004-ல் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த பெட்டி. ஊர் ஹெப்பாள். ஹெப்பாள் என்றதும் பெங்களூர் விமான நிலையம் போகிற வழியில் இருக்கும் மேம்பாலத்தை நினைக்க வேண்டாம். இது மைசூர் ஹெப்பாள். ஒரு தொழிற்பேட்டை, ஒரு ஏரி, நடுவில் குடியிருப்புகள். இன்ஃபோசிஸின் பெரிய பயிற்சி வளாகம் இங்கேதான் இருக்கிறது. கல்லூரி முடித்த பிள்ளைகள் நாடு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்து கம்ப்யூட்டர் தொழிலின் அரிச்சுவடி கற்றுக்கொண்டு போகிறார்கள். அந்த வளாகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, இருபது வயதைத் தாண்டிய ஒரு பெட்டியைத் தட்டி எழுப்பிக்கொண்டிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான். புதிதாக ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்பார்கள். புதியது இருக்கிறது. இந்தக் கட்டுரையை அதில்தான் அடிக்கிறேன்.

பழைய பெட்டிக்குள் ஒரு கன்னட-தமிழ்ச் சொற்கோவை இருக்கிறது. சுமார் ஒன்பதாயிரம் பதிவுகள். ஹெப்பாளில் குடியிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சொல்லச் சொல்ல நான் அடித்தது. 2004-ல் தொடங்கி 2011-ல் அவர் காலமாகும் வரை ஏழு வருட வேலை. அகராதியில் இருக்கிற சொற்களைத் திரும்ப எழுதுவதில் அவருக்கு அக்கறை இல்லை. பால் இங்கே ஹாலு, புலி ஹுலி, பணம் ஹண. இந்தப் பகரம் ஹகரமாகும் கதையெல்லாம் வகுப்பறைக்கு. அவர் தேடித் தேடிச் சேர்த்தது மொழிபெயர்ப்பவனைக் கவிழ்க்கிற சொற்களை. கன்னடத்தில் 'மனெ' என்றால் வீடு. தமிழில் மனை என்றால் வெறும் நிலம். நூறு மனெகள் இடிக்கப்பட்டன என்கிற செய்தியை நூறு மனைகள் என்று ஒருவர் மொழிபெயர்த்துவிட்டால், நூறு குடும்பங்கள் தெருவில் நிற்பது செய்தியிலிருந்தே காணாமல் போய்விடும். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அவருடைய குறிப்பு, சில இடங்களில் திட்டு, சில இடங்களில் ஒரு பழமொழி. வேறெங்கும் அவை எழுதப்படவில்லை.

நகல் இல்லாமலும் இல்லை. மூன்று சிடிகளில் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றும் இன்றைக்கும் நன்றாகவே படிக்கின்றன. படிப்பது கம்ப்யூட்டர்தான், நாம் அல்ல. திறந்தால் வருவது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சேர்ந்த ஒரு குப்பை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்த ஒப்பந்தம் 1960-களிலேயே முடிந்துவிட்டது. தமிழுக்கு 1980-களிலும் 90-களிலும் மென்பொருள் செய்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலேயே தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். ஈழத்தமிழர் பத்திரிகைகளில் செல்வாக்கோடு இருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, டாம், டாப் என்று இரண்டு தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் கொண்டுவந்தது. யூனிகோடோ 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000-ல் யூனிகோடு தமிழ் வந்துவிட்டது. எக்ஸ்பியில் அதை இயக்க, எங்கோ உள்ளே போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, சிடியைச் செருக வேண்டும். ஆனால் டிடிபி சென்டர்கள் எல்லாம் பேஜ்மேக்கரில் ஓடிக்கொண்டிருந்தன. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அச்சுக்குப் போக வேண்டியது எதுவானாலும் பழைய எழுத்துருவில்தான் அடிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றதே 2010-ல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில்தான்.

பாமினி, டாப், டிஸ்கி போன்ற ஊரறிந்த எழுத்துருக்களுக்கு மாற்றிகள் இருக்கின்றன. ஒட்டினால் யூனிகோடாக விழும். நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் ஊரறியாதது. எழுத்துருவும் அதனுடையது, கோப்பின் அமைப்பும் அதனுடையது. போதாக்குறைக்கு ஒரு பூட்டு: பழைய பிரிண்டர் செருகும் பாரலல் போர்ட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு டாங்கிளைச் செருகினால்தான் அது ஓடும். திருட்டு நகல் போடாமலிருக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. செய்த கம்பெனி இப்போது இல்லை. என் புதிய லேப்டாப்பில் பாரலல் போர்ட்டும் இல்லை. ஆக, அந்தச் சொற்கோவையைப் படிக்கக்கூடிய பெட்டி உலகத்திலேயே ஒன்றுதான். அதுவும் நீலக் கட்டங்களோடு நின்றுவிடுகிறது.

கடைகளில் கிடைத்த முதல் யோசனை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: "ஃபார்மட் அடிச்சுடலாம்." ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவது. கம்ப்யூட்டர் வைத்தியத்தில் இது பேதி மருந்து மாதிரி. எந்த நோய்க்கும் முதலில் இதைத்தான் கொடுப்பார்கள். துடைத்தால் அந்த மென்பொருளும் போகும், திரும்பப் போடவும் ஆளில்லை. இரண்டாவது யோசனை, ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிரப்பரால் தேய்ப்பது. சிரிக்க வேண்டாம். நம் நாட்டில் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் அழிரப்பரால் உயிர்பிழைத்திருக்கின்றன. பற்களில் படிந்த கறை போய்விட்டால் தொடர்பு சரியாகிவிடும். என் பெட்டிக்கு அது பலிக்கவில்லை.

தொழிற்பேட்டையில் மெஷின்களின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்க்கும் ஒருவரைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன். அறுபது வயதிருக்கும். தமிழர், கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடப்பட்டபோது அங்கிருந்து பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்களில் இவரும் ஒருவர். கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை என்றுதான் முதலில் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் பேச்சு மாறியது.

"எழுத்து மாட்டிக்கிச்சுன்றீங்களா? அப்ப கொண்டாங்கம்மா. பெட்டி போனாப் போவுது, எழுத்து போவக் கூடாது."

அவர் முதலில் செய்தது பெட்டியைப் போட்டுப் பார்த்தது அல்ல. ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தார். ஒவ்வொரு முறை பாதியில் நிற்கும்போதும் கரண்டைப் பிடுங்கி அணைக்க வேண்டியிருக்கிறது. அப்படி அணைப்பது ஹார்ட் டிஸ்க்குக்கு நல்லதில்லை. எனவே நோயைத் தேடுவதற்கு முன்னால் காப்பாற்ற வேண்டியதை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவருடைய முறை. வேறொரு கம்ப்யூட்டரில் மாற்றி ஒன்றின் வழியாக அதை இணைத்து, முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொன்றில் பிரதி எடுத்தார். இதற்கென்றே டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதுதான். என் டிஸ்க் ஒரு செக்டர்கூட அடம்பிடிக்காமல் படித்தது. அத்துடன் இரண்டு காரியம் முடிந்தது: பிரதி கிடைத்தது, ஹார்ட் டிஸ்க் நிரபராதி என்றும் தெரிந்தது. பழைய டிஸ்க்கை எனக்கே திருப்பித் தந்துவிட்டு, பிரதியை மாட்டி வேலையைத் தொடங்கினார்.

"சுரங்கத்துல கூண்டு இறங்கும்போது மணிதாம்மா பாஷை," என்றார். "ஒரு மணின்னா ஒரு அர்த்தம், மூணு மணின்னா வேற அர்த்தம். மேல எஞ்சின் ஓட்டுறவருக்குக் கீழ நடக்குறது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காதுதான்."

கம்ப்யூட்டரின் 'பீப்' அந்த மாதிரிதான். திரை எழும்புவதற்கு முன்னால் பயாஸ் என்கிற சின்ன நிரல் எல்லா உறுப்புகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறது. பேச அதற்கு வேறு வாய் இல்லாததால் ஒலியெழுப்புகிறது. அவார்டு பயாஸில் ஒரு குட்டை ஒலி என்றால் எல்லாம் சுகம். ஒரு நீளமும் இரண்டு குட்டையும் என்றால் திரைக்கான கார்டில் கோளாறு. பயாஸ் செய்கிற ஒவ்வொரு கம்பெனிக்கும் மணி பாஷை வேறு. என் பெட்டி ஒரே ஒரு குட்டை ஒலிதான் எழுப்பியது. தான் சுகமாக இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருந்தது.

அடுத்து நடப்பது நம் கிணற்றுப் பம்புசெட் கதை. பம்பு தண்ணீர் இழுக்க வேண்டுமானால் முதலில் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நிரலை எடுத்து வரவே ஒரு நிரல் வேண்டுமே, அதை எங்கிருந்து எடுப்பது? அதற்காக டிஸ்க்கின் முதல் செக்டரில் 512 பைட்டுகளில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருப்பார்கள். அதில் நிரலுக்கு 446 பைட்டுதான். மிச்சம், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்கிற கணக்கு. அந்தச் சின்ன நிரல் இன்னொன்றைக் கூப்பிடும், அது என்டி-லோடரை, அது விண்டோஸின் கருவை. கரு எழுந்ததும் டிரைவர்கள் என்கிற உதவியாட்களை ஒவ்வொருவராக உள்ளே அழைக்கும். நீலக் கட்டங்கள் ஓடுகிற நேரம் அதுதான். என் பெட்டி நிற்பதும் அங்கேதான்.

அந்த நேரத்தில் பெட்டியின் முகப்பிலுள்ள சிவப்பு விளக்கைப் பார்க்கச் சொன்னார். விட்டுவிட்டு எரிந்தால் டிஸ்க் இன்னும் வேலை செய்கிறது, பொறுத்திருக்கலாம். விடாமல் எரிந்தால் டிஸ்க்கிடம் கேட்டது கிடைக்காமல் யாரோ காத்திருக்கிறார்கள். அணைந்தே கிடந்தால் கேட்கவே ஆளில்லை. என் பெட்டியில் அணைந்து கிடந்தது.

தொடங்கும்போதே எஃப்-8 விசையை அழுத்தி 'சேஃப் மோடு' என்பதைத் தேர்ந்தெடுத்தால், படத்துக்குப் பதிலாக டிரைவர்களின் பெயர்கள் வரிசையாகத் திரையில் ஏறும். என் பெட்டி அதிலும் நின்றது. கடைசியாகத் தெரிந்த பெயர் மப் டாட் சிஸ். இந்தப் பெயரை எக்ஸ்பி காலத்துக் கம்ப்யூட்டர்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உலகம் முழுவதும் எண்ணற்ற கம்ப்யூட்டர்கள் இந்தப் பெயரில் வந்து நின்றன. இது ஏதோ வைரஸ் என்றார்கள். கெட்டுப்போன கோப்பு என்றார்கள். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். போட்ட பிறகும் அதே பெயரில் நின்றது. உண்மையில் அது ஒரு பாவமும் அறியாத கோப்பு. நெட்வொர்க்கில் பிற கம்ப்யூட்டர்களின் ஃபோல்டர்களுக்கு வழிகாட்டுவது அதன் வேலை. அலுவலக வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கையெழுத்து யாருடையதோ அவர் வந்துவிட்டவர். தகராறு அதற்கடுத்து வர வேண்டியவரிடம். அவர் பெயர்தான் பதிவேட்டில் இல்லையே. மப் டாட் சிஸ் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. தன் பெயர் தெரியும்படி நின்ற ஒரே குற்றத்துக்காக வருடக்கணக்கில் அடி வாங்கியது.

பழுது பார்ப்பது ஒருபுறம் இருக்க, எனக்கு இந்த இடம்தான் பிடித்திருந்தது. மொழிபெயர்ப்பிலும் ஒரு வாக்கியத்தில் வந்து பேனா நின்றுவிடும். அந்த வாக்கியத்தையே பத்து தரம் உடைத்து எழுதிப் பார்ப்போம். தடுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதற்கடுத்த வாக்கியமாக இருக்கும்.

அடுத்தவர் யார் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிரிண்டர், மோடம், நெட்வொர்க் கார்டு, சிடி டிரைவ், டாங்கிள், இரண்டு ராமில் ஒன்று. மதர்போர்டு, பிராசசர், ஒரு ராம், டிஸ்க் மட்டும் மிச்சம். அப்போதும் நின்றது. ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிவிட்டு லினக்ஸ் சிடியைப் போட்டு எழுப்பினார். லினக்ஸும் பாதியில் நின்றது. கோளாறு விண்டோஸில் இல்லை என்பது அத்துடன் முடிவாயிற்று. ஃபார்மட் அடித்திருந்தால் ஏழு வருட உழைப்பைத் திறக்கும் சாவியை அழித்துவிட்டு, அதே இடத்தில் அதே நீலக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஐந்து சதவீத வித்தியாசத்துக்குள் சரியாக இருந்தன. ராமைச் சோதிக்கும் நிரலை ராத்திரி முழுக்க ஓடவிட்டார். காலையில் ஒரு குறையும் சொல்லவில்லை. எல்லாரும் நிரபராதி, ஆனால் கொலை நடந்திருக்கிறது.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "எப்ப நிக்குதும்மா? எத்தினி மணிக்கு?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. பத்திரிகைக்காரப் புத்தி, மூன்று வாரமாக ஒரு டைரியில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தேன். விடியற்காலை ஆறு மணிக்குப் போட்டால் தவறாமல் நின்றது. மூன்று நான்கு முறை தொடர்ந்து போட்டால் எழுந்தது. மதியம் இரண்டு மணிக்கு முதல் முறையிலேயே எழுந்தது. ஒருமுறை எழுந்துவிட்டால் நாள் முழுக்க ஓடியது. அது டிசம்பர். மைசூரில் டிசம்பர் விடியற்காலை, சென்னைக்காரர்களைக் கம்பளிக்குத் தேட வைக்கும். டைரியைப் படித்ததும் அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு. "இதை மொதல்லயே காட்டியிருந்தா ஒரு வாரம் மிச்சம். வீட்ல ஹேர் டிரையர் இருக்குதா?"

மறுநாள் காலை ஆறரைக்கு, பனி விலகாத நேரத்தில், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி பிராசசரைச் சுற்றி இரண்டு நிமிடம் சூடான காற்றை ஊதினோம். பட்டனை அழுத்தினேன். நீலக் கட்டங்கள் ஓடின, ஓடின, முடிந்தன. எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்தது. குளிர்ந்தால் நிற்கும், சூடானால் ஓடும் உறுப்பு எது? டார்ச் அடித்துக் காட்டினார். பிராசசரை ஒட்டிப் பட்டாளம்போல் நிற்கும் குட்டி உருளைகள்: கெபாசிட்டர்கள். நல்ல கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். இந்த வரிசையில் ஏழு பேருக்குத் தலை உப்பியிருந்தது. இரண்டு பேரின் உச்சியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியதோ ஒன்றரை வோல்ட்டுக்குப் பக்கம். அதைக் குறைத்துத் தரும் சுற்று மதர்போர்டிலேயே இருக்கிறது. குறைத்த மின்சாரம் மேடுபள்ளமாக வரும்; அதைச் சமன்செய்வது இந்த உருளைகள். மேல்நிலைத் தொட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். குழாய் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தாலும் தொட்டி நிறைய இருந்தால் அழுத்தம் குறையாது. கெபாசிட்டரின் உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்துபோனால் தொட்டி சிறுத்துவிடும். குளிரில் மிச்சமிருக்கும் திரவமும் மந்தமாகிவிடும். விண்டோஸின் கரு எழுந்து எல்லா உறுப்புகளையும் தட்டி எழுப்புகிற அந்த நொடியில் மின்சாரத் தேவை சட்டென்று எகிறும். வோல்ட் ஒரு கணம் சரியும். பிராசசர் கணக்கைத் தவறவிடும். நீலக் கட்டங்கள் நிற்கும். மல்டிமீட்டர் அந்த ஒரு கணத்தைப் பிடிக்க முடியாது. அது சராசரியைச் சொல்லும் கருவி. ராத்திரி முழுக்க ஓடிய ராம் சோதனை ஏன் குறை சொல்லவில்லை என்பதும் விளங்கிற்று. எழுந்து ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி சூடாகத்தானே இருக்கும்.

இந்த வியாதிக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1999 தொடங்கி 2007 வரை தயாரான ஏராளமான மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் ஆயுள் முடியுமுன்பே உப்பி வெடித்தன. தைவானில் செய்த சில வகைகளின் திரவத்தில், அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் சரியாக இல்லை. உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகித் தலையை உப்ப வைத்தது. ஜப்பானியக் கம்பெனி ஒன்றிலிருந்து திருடிய சூத்திரம் அரைகுறையாகப் போய்ச் சேர்ந்ததுதான் காரணம் என்று 2002, 2003 வாக்கில் செய்திகள் அடிபட்டன. பெரிய பெரிய கம்பெனிகளே மதர்போர்டுகளை மாற்றிக் கொடுத்தன. உருளையின் தலையில் ஒரு கீறல் போட்டிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? வெடிப்பதானால் அந்த வழியாக அமைதியாக வெடிக்கட்டும் என்பதற்காகத்தான்.

புதிய கெபாசிட்டர்கள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து வந்தன. 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட், 105 டிகிரி தாங்கக்கூடியவை. ஏழும் சேர்த்து இரண்டு மசாலா தோசையின் விலைதான். பழைய போர்டுகளிலிருந்து பிடுங்கிப் போடலாமே என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார். கிழவனுக்குப் பதில் இன்னொரு கிழவனை வைத்து என்ன பயன் என்றார். கழற்றுவதுதான் கஷ்டம். மதர்போர்டு பல அடுக்குச் செம்பு. வைக்கிற சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் இங்கே ஈயத்தை உருக்காது. பெரியதை வைத்து, புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கி, ஒவ்வொரு காலாக அசைத்து அசைத்து எடுத்தார். உருளையின் பக்கவாட்டில் பட்டை போட்டிருக்கும் கால் நெகடிவ். மாற்றிச் செருகினால் வெடிக்கும். கூடவே மூன்று வோல்ட் பித்தான் பேட்டரியையும் மாற்றினார். அது தீர்ந்துபோனதால் பெட்டி ஒவ்வொரு காலையும் 2002 ஜனவரி முதல் தேதிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது விடியற்காலை ஆறு மணிக்கும் எழுகிறது. எழுந்த பெட்டியை இணையத்தோடு சேர்ப்பதில்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைவிரித்துவிட்டது. அது செய்ய வேண்டியது ஒரே வேலைதான். அந்த மென்பொருளின் எழுத்துருவில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று வரிசையாக அடித்து, திரையைப் பார்த்து, காகிதத்தில் எழுதிக்கொண்டு ஒரு அட்டவணை தயாரித்தேன். இருநூற்றுச் சொச்சம் வடிவங்கள். எழுத்துகள் மட்டுமா? சுழி, கால், கொக்கி, இரட்டைக் கொம்பு எல்லாம் தனித்தனி. அட்டவணையை வைத்து மாற்றினால் உடனே நல்ல தமிழ் வந்துவிடாது. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடித்தோம். யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். உச்சரிக்கிற வரிசை. இந்த இடமாற்றம் ஒன்பதாயிரம் பதிவுகளிலும் நடக்க வேண்டும். நிரல் செய்துவிடும், செய்ததைச் சரிபார்க்க ஒரு பக்கம் பழைய திரை, மறுபக்கம் புதிய திரை என்று நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதே மைசூரில் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இருக்கிறது. கல்வெட்டின் மேல் ஈரக் காகிதத்தை ஒற்றி, மை தட்டி எடுத்த மைப்படிகளை அங்கே கட்டுக் கட்டாக வைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எடுத்தவைகூட உண்டு. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு அனுப்பும்படி 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, எல்லாருக்கும் இருந்த கவலை காகிதம் நொறுங்குவதைப் பற்றியது. அது நியாயமான கவலை. ஆனால் நொறுங்காத காகிதத்தைப் பிரித்தால் போதும்; பழைய தமிழ் எழுத்து தெரிந்தவர் அந்த இடத்திலேயே படித்துவிடலாம். மின்சாரம் வேண்டாம், டாங்கிள் வேண்டாம், கெபாசிட்டர் வேண்டாம். என் சொற்கோவை எழுதி முடித்துப் பதினைந்து வருடம்கூட நிறையாதபோதே அதைப் படிக்கச் சுரங்கத் தொழிலாளியின் மகன் ஒருவர் ஹேர் டிரையரோடு வர வேண்டியிருந்தது.

ககர வரிசை முடிந்துவிட்டது. தகரத்தில் பாதி வந்திருக்கிறேன். நடுவில் ஒருநாள் மென்பொருள் ஓட மறுத்தது, பூட்டைக் காணோம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. பூட்டு செருகிய இடத்தில்தான் இருந்தது. அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். கழற்றி அதன் ஊசிகளைப் பார்க்கச் சொன்னார். கறுத்திருந்தன.

"வீட்ல பிள்ளைங்க அழிரப்பர் இருக்கும் பாருங்கம்மா," என்றார்.

இந்த முறை அது பலித்தது.